இது ரொம்ப அவசியமா?

இரண்டு கைகளையும் அகல விரித்தால் இரண்டு பக்கத்துக் கடைகளையும் தொட்டுவிடலாம் போலிருக்கிற ஒரு தெருவில், நீங்கள் எப்போதாவது ஷாப்பிங் செய்திருக்கிறீர்களா?

இங்கிலாந்தின் வடக்கே யார்க் என்று ஒரு நகரம். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கி.பி. 71-ல் ரோமானியர்கள் கோட்டை கட்டி ஆரம்பித்துவைத்த ஊர். 866-ல் வைக்கிங்குகள் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஊரைச் சுற்றி மதில் இன்னும் நிற்கிறது. அதன் மேலேறி காலார வாக்கிங் போகலாம். அந்த ஊரின் நடுவில் இருக்கிறது ‘ஷாம்பிள்ஸ்’ என்கிற சந்து. மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள். சிலவற்றுக்கு அறுநூறு வயதுக்கு மேல். கீழ்த்தளத்தைவிட மேல்தளம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. எதிர் எதிர் வீட்டுக்காரர்கள் மாடியில் நின்றபடி சர்க்கரை கடன் கேட்டு வாங்கலாம்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? அழகுக்காக இல்லை சார். அது கசாப்புக் கடைத் தெரு. கீழே பலகையில் பரப்பிவைத்த இறைச்சி மீது வெயில் படக்கூடாது, அதற்கு இந்தக் கூரை நிழல். ‘ஷாம்பிள்ஸ்’ என்ற பெயரே இறைச்சி வைக்கிற பலகையைக் குறிக்கும் பழைய வார்த்தையிலிருந்து வந்ததுதான். 1872-ல்கூட அந்தத் தெருவில் 25 கசாப்புக் கடைகள் இருந்தன. இன்று? ஒன்றுகூட இல்லை. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் மட்டும் சில கடைகளின் வாசலில் அப்படியே இருக்கின்றன. அதையும் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் அங்கே இப்போது என்னதான் விற்கிறார்கள்?

ஃபட்ஜ் என்கிற பால் இனிப்பு, சாக்லேட், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த பொம்மை. கைக்குள் அடங்கும் பேய் பொம்மை விற்கிற ஒரு கடை... உள்ளே போக வாசலில் க்யூ! ஹாரி பாட்டர் மந்திரக்கோல் விற்கிற கடை ஒன்றல்ல, சில. ‘படத்தில் வருகிற மந்திரவாதிகளின் கடைத்தெரு இதுதானாம்’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். படத்தில் வந்தது ஸ்டூடியோவில் போட்ட செட். அதற்காக யாராவது மந்திரக்கோல் வாங்காமல் வருகிறார்களா என்ன?

ஒன்று மட்டும் நிச்சயம். அவசரத்துக்கு ஒரு கிலோ வெங்காயம் வேண்டுமென்றால் அந்தத் தெருவில் கிடைக்காது. பின்னால் இருக்கிற மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். ஷாம்பிள்ஸ் முழுக்கச் சுற்றிவந்தாலும், ‘இது இல்லாமல் உயிர்வாழ முடியாது’ என்று சொல்லும்படி ஒரு பொருள் கண்ணில் படாது.

வேலை விஷயமாகப் போன இடத்தில் ஒரு மதியம் எனக்கு ஓய்வு கிடைத்தது. நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்தேன். ‘ஒன்றும் வாங்கப் போவதில்லை, சும்மா பார்க்கத்தான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான். இந்த வசனத்தை நீங்களும் தி.நகர் ரங்கநாதன் தெருவில் சொல்லியிருப்பீர்கள். முடிவு என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து, தெருமுனையில் இருக்கிற சின்ன சதுக்கத்தில் பெஞ்ச் தேடி உட்கார்ந்தேன். எதிரே ஒருவர் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். நான் பில்களை எடுத்து மடியில் அடுக்கினேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. எங்கே போனாலும் கணக்கை இரண்டு பத்தியாகப் பிரிக்காவிட்டால் தூக்கம் வராது. முதல் வருஷ பொருளாதாரத்தில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார். அத்தியாவசியம், வசதி, ஆடம்பரம். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும் என்பார். நாங்களும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம்.

பெஞ்சில் உட்கார்ந்து கட்டம் போட்டேன். குடை - அத்தியாவசியம். (மழை தூறிக்கொண்டிருந்தது.) மீதி? அக்கா பையனுக்கு மந்திரக்கோல். ஆபீஸுக்கு ஃபட்ஜ். வீட்டுக்கு சாக்லேட். ஷாம்பிள்ஸ் தெருவையே குட்டியாகச் செய்த ஒரு காந்த பொம்மை, 5 பவுண்ட். எல்லாமே மூன்றாவது கட்டத்தில் போய் விழுந்தன. பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்ததும் வயிறு லேசாகக் கலங்கியது.

அப்போதுதான் அந்தக் கேக் ஞாபகம் வந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா, “செலவுக்குப் பத்தலை சார்” என்று 2,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். கொடுத்தேன். நாலு நாள் கழித்து ஒரு சின்ன டப்பாவை டேபிளில் வைத்தார். திறந்தால், கேக். மகளுக்குப் பத்தாவது பிறந்தநாளாம். அரைக் கிலோ கேக், மேலே பெண்ணின் பெயர் எழுதி, 550 ரூபாயாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னேன். “ஏம்மா, அட்வான்ஸ் வாங்கி கேக்கா? இது ரொம்ப அவசியமா? ஒரு பாயசம் வெச்சா ஆகாதா?”

அவர் கோபப்படவில்லை. “அவ கிளாஸ்ல எல்லாரும் வெட்டுறாங்க சார்” என்றார். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் நான் ஏதோ நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன். சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தவன் என்ற திருப்திகூட இருந்தது. யார்க்கில், மடியில் மந்திரக்கோலோடு உட்கார்ந்திருந்தபோது அந்தத் திருப்தி காணாமல் போனது.

ஞாபகம் வந்த இடம்தான் வேடிக்கை. ‘ஏழைக்கு எது அவசியம்?’ என்று நோட்டுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஊரே அதுதான். கணக்கெடுத்தவர் யார் என்கிறீர்கள்? சாக்லேட் கம்பெனி முதலாளியின் மகன்!

கிட்கேட் சாப்பிட்டிருப்பீர்கள். அது பிறந்த ஊர் யார்க். 1935-ல் ரௌன்ட்ரீ கம்பெனி அதை வேறு பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988-ல் அந்தக் கம்பெனியை நெஸ்லே வாங்கிவிட்டது. அந்த ரௌன்ட்ரீ குடும்பத்துப் பிள்ளைதான் சீபோம் ரௌன்ட்ரீ. 1899-ல் அவர் ஆட்களை அனுப்பி யார்க்கின் தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். முடிவை 1901-ல் புத்தகமாகப் போட்டார். இன்று நாம் ‘வறுமைக் கோடு’ என்று சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தக் கோட்டைக் கணக்குப் போட்டு வரைந்த ஆரம்பகால ஆட்களில் முக்கியமானவர் அவர்.

கணக்கைப் பாருங்கள். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். வாரத்துக்குச் சாப்பாடு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகை 4 ஷில்லிங். துணிமணி, விளக்கு, அடுப்புக்கரி வகையறா 4 ஷில்லிங் 11 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். கூட்டினால் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அதற்குக் கீழே வருமானம் இருந்தால் உடம்பில் தெம்பு நிற்காது என்றார் ரௌன்ட்ரீ.

அந்தச் சாப்பாட்டில் கசாப்புக் கடை இறைச்சி கிடையாது. ஷாம்பிள்ஸில் இத்தனை கடைகள் இருந்த ஊரில்! இந்தப் பணத்துக்குள் வாழ்கிற குடும்பம் பஸ் ஏறக்கூடாது, பேப்பர் வாங்கக்கூடாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக்கூடாது, குழந்தைக்கு பொம்மையோ மிட்டாயோ கிடையாது, சர்ச்சில் காணிக்கை போடக்கூடாது, பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றுகூடத் தரக்கூடாது என்று அவரே விளக்கி எழுதினார்.

படிக்கிறபோது கோபம் வருகிறது இல்லையா? சாக்லேட் விற்றுச் சம்பாதித்த குடும்பம், ஏழைப் பிள்ளைக்கு மிட்டாய் கூடாது என்கிறதே என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவசரப்படாதீர்கள். அவர் அந்தப் பட்டியலைப் போட்டது, ‘ஏழைகள் இப்படித்தான் வாழ வேண்டும்’ என்று உபதேசம் செய்வதற்காக இல்லை.

அந்தக் காலத்து யார்க்கிலும் என்னைப் போன்ற ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ‘இவர்களுக்குச் சம்பளமெல்லாம் போதுமான அளவு வருகிறது. குடித்துத் தீர்க்கிறார்கள், கண்டதையும் வாங்குகிறார்கள், அதனால்தான் பஞ்சப்பாட்டு’ என்று அவர்கள் சொல்வார்கள். ரௌன்ட்ரீ அவர்களோடு வாக்குவாதம் செய்யவில்லை. ‘சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். குடி வேண்டாம், புகை வேண்டாம், பேப்பர் வேண்டாம், மிட்டாய் வேண்டாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கணக்குப் போடுவோம்’ என்கிற மாதிரி பென்சிலை எடுத்தார். அப்படி எல்லாவற்றையும் அடித்த பிறகும், யார்க் மக்கள்தொகையில் 9.91 சதவிகிதம் பேருக்கு வருமானம் போதவில்லை. அதாவது, ஒரு பைசா வீணாக்காவிட்டாலும் போதாது. இன்னொரு 17.93 சதவிகிதம் பேருக்கு வருமானம் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் அதில் ஒரு பகுதி வேறு எதற்காவது போய்விடுவதால் அவர்களும் வறுமையில் இருந்தார்கள். மொத்தம் 27.84 சதவிகிதம். பணக்கார நாட்டின் ஒரு சர்ச் நகரத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர்!

அந்த ‘வேறு எதற்காவது’ என்பதில் குடி இருந்தது, சூதாட்டம் இருந்தது. உபயோகமான செலவும் இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை.

அவரது பட்டியல் கொடூரமாக இருந்தது, எதிராளியின் வாயை அடைப்பதற்காக. ‘இது அவசியமா?’ என்ற கேள்வியை அவர் கடைசி வரை கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் கேள்வி முடிகிற இடத்தில் இன்னொரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. ‘சம்பளம் போதுமா?’

சரி, அவசியமில்லாததை மனுஷன் ஏன்தான் வாங்குகிறான்? இதற்கும் யார்க்கிலேயே பதில் இருக்கிறது.

ரௌன்ட்ரீயின் புத்தகம் வெளியான அதே 1901-ல், அதே ஊரில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல் சவப்பெட்டி கிடைத்தது. ரோமானியர் காலத்து இளம்பெண் ஒருத்தியினுடையது. சுமார் 1,600 வருஷப் பழசு. கூடவே ஆப்பிரிக்க யானைத் தந்தத்தில் செய்த வளையல், கறுப்பு ஜெட் கல் வளையல், நீலக் கண்ணாடி மணிகள், முகம் பார்க்கும் கண்ணாடி. அவளுடைய முன்னோர்கள் வட ஆப்பிரிக்கப் பக்கத்தவர்களாக இருக்கலாம் என்று 2010-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். வளையல்கள் யார்க்‌ஷயர் மியூசியத்தில் இருக்கின்றன.

இன்னொன்று. காப்பர்கேட் என்ற இடத்தில் ஷாப்பிங் சென்டர் கட்டுவதற்கு முன்னால், 1976 முதல் 1981 வரை பூமியைத் தோண்டினார்கள். உள்ளே பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்துப் பட்டறைத் தெரு! காப்பர்கேட் என்றால், மரத்தில் கிண்ணம் கடைகிறவர்கள் தெரு என்று அர்த்தம். அங்கே கிடைத்தவற்றில் ஒரு பட்டுத் தொப்பி இருந்தது. செங்கடலிலிருந்து வந்த ஒரு சோழி இருந்தது. சாமர்கண்ட் நாணயத்தைப் பார்த்து அடித்த ஒரு கள்ளக்காசுகூட இருந்தது. ஆக, கடைத்தெரு இருந்த நாளிலிருந்து ஏமாற்று வேலையும் இருந்திருக்கிறது.

குளிரில் விறைக்கிற ஊரில் செங்கடல் சோழி யாருக்கு அவசியம்? யாருக்குமில்லை. ஆனாலும் ஒருவர் கொண்டுவந்தார், இன்னொருவர் வைத்துக்கொண்டார். பேராசிரியரின் கட்டத்தில் இந்தச் சோழியை எங்கே போடுவது? உணவும் உடையும் உயிரைக் காப்பாற்றும். ‘நானும் நாலு பேரைப் போல ஒரு ஆள்’ என்ற நினைப்பைக் காப்பாற்றுவதற்கு வேறு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. சில சமயம் வளையல். சில சமயம் பெயர் எழுதிய அரைக் கிலோ கேக்.

ரௌன்ட்ரீக்கும் இது புரியாமல் இல்லை. 1936-ல் அதே யார்க்கை மறுபடி கணக்கெடுத்தார். இந்த முறை பட்டியல் கொஞ்சம் நீண்டிருந்தது. செய்தித்தாள் சேர்ந்தது. தபால்தலை சேர்ந்தது. வானொலி சேர்ந்தது. கொஞ்சம் பீர், கொஞ்சம் புகையிலை, புத்தகம், விடுமுறை எல்லாவற்றுக்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினார். அந்தத் தொகையில் இன்னொன்றும் அடக்கம். பரிசுப் பொருள். ஏழைக்கும் இன்னொருவருக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது பட்டியலில் ஏற, 37 வருஷம் ஆகியிருக்கிறது.

வானொலி என்றதும் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். 2006 தேர்தலில் இலவச கலர் டி.வி. வாக்குறுதி வந்தபோது நம் ஊரில் என்னவெல்லாம் பேசினோம்! ‘சோத்துக்கு வழியில்லாதவனுக்கு டி.வி. எதுக்கு?’ அரசாங்கப் பணத்தில் கொடுப்பது சரியா தப்பா என்பது வேறு விவாதம். அதை நியாயமாகவே விவாதிக்கலாம். ஆனால் அந்த வசனத்தைச் சொன்ன பெரும்பாலோர் வீட்டு ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் இருந்தால் சாதாரணம், அவர் வீட்டுக்குப் போனால் ஆடம்பரம். ஒரே பொருள் எப்படி சார் வீடு மாறினால் கட்டம் மாறும்?

‘அப்படியானால் கடன் வாங்கி எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிறீரா?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். இல்லவே இல்லை. தவணையில் மூழ்கிய குடும்பங்கள் எனக்கும் தெரியும். விளம்பரக்காரன் நம் ஆசையைத் தூண்டிவிட்டுக் காசு பறிப்பதும் தெரியும். ‘கிளாஸ்ல எல்லாரும் வெட்டுறாங்க’ என்ற வார்த்தைக்குள் பாவம், அந்த நெருக்கடியும் இருக்கிறது. ‘இது அவசியமா?’ என்பது நல்ல கேள்விதான். தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கண்ணாடியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. நான் அதைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கேட்டேன்.

‘அட்வான்ஸ் உங்கள் பணமாயிற்றே, கேட்க உரிமை இல்லையா?’ என்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். அட்வான்ஸ் என்றால் என்ன? அவர் செய்யப்போகிற வேலைக்கான கூலி, நாலு நாள் முன்னதாக. என் ஆபீஸில் நானும் வாங்கியிருக்கிறேன். எதற்குச் செலவு செய்தாய் என்று எந்த மேனேஜரும் என்னைக் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் ரௌன்ட்ரீ செய்த வேலையை நானும் செய்தேன். ஒரு வெள்ளைத்தாளில் அந்த அம்மாவின் மாதக் கணக்கு. எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று வீட்டில் வேலை செய்கிறார். கணவர் இல்லை. வாடகை, காஸ், கரண்ட், ஸ்கூல் வேன், காய்கறி, மருந்து. ரேஷன் அரிசிக்குக் காசில்லை, டவுன் பஸ்ஸுக்கும் காசில்லை. அதனால் அந்த இரண்டு இடத்திலும் பூஜ்யம் போட்டேன். கேக்கை அடித்தேன். பூவை அடித்தேன். சினிமாவை அடித்தேன். கூட்டினேன்.

துண்டு விழுந்தது. கேக் வாங்காமல் இருந்தாலும் துண்டு விழுந்தது.

அதாவது, அவர் அட்வான்ஸ் கேட்டதற்குக் காரணம் கேக் இல்லை. காரணம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. மூன்று வீட்டுச் சம்பளத்தில் ஒன்றைத் தீர்மானிக்கிறவன் நான். நாலு வருஷமாக அதே சம்பளம். அதைப் பற்றிப் பேச்சு வராமல் இருப்பதற்குக் கேக்கைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

சம்பளத்தை ஏற்றினாயா என்று கேட்பீர்கள். ஏற்றினேன். எவ்வளவு என்று எழுதினால், ‘இவ்வளவுதானா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் எழுதவில்லை.

அந்தக் காந்த பொம்மையை அவருடைய பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினேன். ஃபிரிட்ஜில் ஒட்டுவது என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான், அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாதது உறைத்தது. மறுநாள் அவரே சொன்னார். “பீரோவுல ஒட்டியிருக்கா சார். வர்றவங்க கிட்டயெல்லாம் காட்டுறா.” அப்புறம், “எவ்ளோ சார் இது?” என்று கேட்டார்.

5 பவுண்ட். ஏறக்குறைய அந்தக் கேக்கின் விலை.

நான் சொல்லவில்லை. சொன்னால், ‘இது ரொம்ப அவசியமா சார்?’ என்று கேட்டிருக்க மாட்டார். கேட்கிற ஆள் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.